அடைக்கலம் புகுந்த நாயும் அகிம்சை அணுவிரதமும்

அகிம்சை என்னும் சொல்லைக் கேளாமல் வளரும் குழந்தை நம் சமண இல்லங்களில் இல்லை. எறும்பை மிதியாதே, நீரை வடிகட்டிப் பருகு, கதிரவன் மறையுமுன் உண் என்று நாம் கற்பிக்கும் அனைத்தும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையைப் பழக்குவனவாகும். பிறரால் துன்புற்ற ஓர் உயிர் நம் வாயிலில் வந்து நிற்கும்போது நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.

வண்டியில் அடிபட்டும் வீட்டாரால் கைவிடப்பட்டும் தெருவில் கிடக்கும் நாய்களை எடுத்துக் காக்கும் இல்லங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. பெரும்பாலானவற்றில் இடநெருக்கடி மிகுதி. ஆதலால் காயம் ஆறும்வரை, அல்லது நிலையான ஒரு குடும்பம் கிடைக்கும்வரை, நாயைச் சில வாரங்கள் தம் வீட்டில் வைத்துப் பேணுமாறு குடும்பத்தினரை வேண்டுகின்றனர். இதனை இடைக்கால வளர்ப்பு எனலாம். ஓய்வில்லாத குடும்பம் ஒன்று இப்பணியை ஏற்கலாமா, ஏற்பின் நம் ஆசாரத்துக்கு இழுக்கு வாராமல் நடத்துவது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நூல்கள் காட்டும் நெறி

நாய் ஐம்பொறியும் மனமும் உடைய விலங்கு. மனமுடைய ஐம்பொறி விலங்குகள் நற்காட்சி பெறவும், அணுவிரத நிலையாகிய ஐந்தாம் குணஸ்தானம்வரை உயரவும் கூடும் என்பது ஆகமத் துணிபு. சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் அறத்தின் ஆற்றலை விளக்கப் புகும் இடத்தில் நாயையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

நம் திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் வரும் நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். தம் உணவைத் தீண்டியது என்பதற்காகச் சிலர் ஒரு நாயைச் சாகுமாறு அடித்தனர். அவ்வழி வந்த சீவகன் அதன் அருகில் இருந்து பஞ்ச நமஸ்காரத்தைச் செவியில் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்க் கட்டியங்காரனால் சீவகனுக்கு உயிரிடர் நேர்ந்தபோது வந்து காத்தது. பின்னாளில் கிட்டிய உதவியைக் கருதிச் சீவகன் அதனைச் செய்யவில்லை. அரசிளங்குமரன் ஒருவன் தெருவில் கிடந்த நாயின் பக்கத்தில் அமர்ந்தான் என்பதே அக்கதையில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

ஜினசேனரின் ஆதிபுராணம் நால்வகைத் தத்திகளைக் கூறுங்கால், துன்புற்ற உயிர்களுக்கு இரக்கத்தால் அச்சம் நீக்கி உதவுதலைத் தயாதத்தி என்கிறது. இடைக்கால வளர்ப்பு இவ்வகையைச் சார்ந்தது எனக் கொள்வதில் தடையில்லை.

ஓர் ஐயமும் அதன் விடையும்

பூனை முதலிய கொல்லும் இயல்புடைய விலங்குகளை வளர்த்தல் அநர்த்த தண்டம் என்று சிராவகாசார நூல்கள் விலக்கியுள்ளனவே எனப் பெரியோர் வினவக்கூடும். முறையான வினாவே ஆகும். வேட்டைக்கோ, காவலுக்கோ, வேடிக்கைக்கோ கொலைத்தன்மையுள்ள விலங்கை வளர்த்தால் அது செய்யும் கொலையில் நமக்கும் பங்கு உண்டு. அடிபட்டு வந்த உயிரைக் குணமாகும்வரை பேணுவதன் நோக்கம் வேறு. எனினும் நூலின் எச்சரிக்கை நமக்கும் உரியதே. அணிலும் ஓணானும் திரியும் தோட்டத்தில் நாயைத் தனியே அவிழ்த்து விடலாகாது. நடத்திச் செல்லும்போது வார் நம் கையில் இருத்தல் வேண்டும். பூசை அறை, சமையலறை இரண்டின் வாயிலிலும் தட்டி வைத்தால் தூய்மையும் காக்கப்படும். நாயைச் சினந்து விரட்ட வேண்டிய நிலையும் வாராது.

ஐந்து அதிசாரங்கள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சமூகம் வீட்டு விலங்குகளை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருந்தால் இந்த ஐந்தையும் வகுத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் அடித்தல், மிகுபாரம் ஏற்றுதல், குறுகிய சங்கிலியில் கட்டுதல், உறுப்பைச் சிதைத்தல், உணவும் நீரும் அளியாமை ஆகியவற்றைக் குற்றமெனக் கூறுகிறது.

பந்தம் என்பது கட்டி வைத்தல். இதில் யாமே தவறினோம் என்பதை மறையாமல் கூறுகிறோம். பின்கால் முறிந்து தேறிவந்த ஒரு பெண் நாயை ஏழு வாரங்கள் பேணும் பொறுப்பை எம் இல்லம் ஏற்றது. பிள்ளைகள் அதற்குச் செவலை என்று பெயரிட்டனர். காலையில் அனைவரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றபின் வீட்டில் இருப்பவர் முழங்கால் வலியுடைய பாட்டி ஒருவரே. ஆதலால் தாழ்வாரத்துத் தூணில் இரண்டு முழக் கயிற்றால் செவலையைக் கட்டிவிட்டுச் சென்றோம். நான்காம் நாள் மாலை அதன் கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. அன்றைய சுவாத்தியாயத்தில் பாட்டி நூலை மூடி வைத்துவிட்டு, "முதல் அதிசாரம் பந்தம் என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். தூணில் நாம் கட்டி வைத்திருப்பது என்ன?" என்று கேட்டார். எவரும் விடை கூறவில்லை. மறுநாள் கொல்லைப்புற அறையை ஒழித்து, சாக்கு விரித்து, கதவுக்குத் தட்டி அமைத்தோம். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் நடத்திச் செல்லும் முறை ஏற்படுத்தப்பட்டது. கழுத்துப் புண் ஆறப் பத்து நாள் ஆயிற்று.

வதம் என்பது அடித்தல். மீட்கப்பட்ட நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், செருப்பைக் கடிக்கும், கை ஓங்கினால் பதுங்கும். அடித்துத் திருத்த முயன்றால் அச்சமே வளரும். உணவுக்குப் பின்னும் உறங்கி எழுந்த பின்னும் உடனே வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் கழித்தவுடன் இன்சொல்லும் ஒரு துண்டு உணவும் அளித்தால் விரைவில் பழகும். உறுமுதல் நாய் தரும் எச்சரிக்கை. அதனைத் தண்டித்து அடக்கினால் எச்சரிக்கையின்றிக் கடிக்கப் பழகிவிடும். நல்லொழுக்கம் அற்றவரிடத்தும் சினவாமல் நடுவுநிலை கொள்ளும் மத்தியஸ்த பாவனையைப் பயில இதனினும் நல்ல இடம் இல்லை.

சேதம் என்பது உறுப்பறுத்தல். அழகுக்காக வாலையும் செவியையும் வெட்டுதல் இதன்பாற்படும். கருத்தடை அறுவையும் சேதம் ஆகாதோ என்னும் வினா எழும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுதலை 2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் விதிகளும் நெறிமுறையாகக் கொண்டன. மருத்துவர் மயக்க மருந்து அளித்துச் செய்யும் இவ்வறுவை, பிறந்து தெருவில் மடியும் எண்ணற்ற குட்டிகளின் துன்பத்தைத் தவிர்க்கும் நோக்கமுடையது. நோக்கம் வேறாதலால் இது சேதத்தில் அடங்காது என்பது எம் கருத்து. மாறுபடும் அன்பர்கள் சான்றோரிடம் கேட்டுத் தெளிக.

அதிபாரம் என்பது தாங்கவியலாச் சுமை. நாயின் மேல் மூட்டை ஏற்றுவார் இலர். ஆயினும் ஓயாத இரைச்சல், விருந்தினர் கூட்டம், கட்டிப்பிடிக்கும் குழந்தைகள் ஆகியவை புதிதாய் வந்த நாய்க்குப் பெருஞ்சுமையே. அச்சம் தணிய 3 நாள், வீட்டு முறை பழக 3 வாரம், முழுதும் இசைய 3 மாதம் என்பது பாதுகாப்பு இல்லத்தார் பொதுவாகக் கூறும் கணக்கு. முதல் மூன்று நாள் உறவினரை அழைத்து நாயைக் காட்டுதல் வேண்டா. அது உண்ணும்போதும் உறங்கும்போதும் எவரும் தீண்டலாகாது. சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றித் தனியே விடலாகாது. தீபாவளி நமக்கு மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாள். அந்நாளில் வெடியொலி கேட்டு நடுங்கும் உயிர்களை எண்ணி, விளக்கேற்றுவதோடு அமைவது நம் நெறிக்குப் பொருந்தும்.

அன்னபான நிரோதம் என்பது உணவும் நீரும் தடுத்தல். ஓய்வற்ற இல்லங்களில் இது கொடுமையால் நிகழ்வதினும் மறதியால் நிகழ்வதே மிகுதி. தந்தை கொடுத்தார் எனத் தாயும், தாய் கொடுத்தார் எனத் தந்தையும் எண்ணியிருக்க, நாய் பட்டினி கிடக்கும். எனவே யார், எப்பொழுது, என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுதல் நன்று. காலை நீர் மாற்றுதல் இளைய பிள்ளைக்கு, நடைப்பயிற்சி தந்தைக்கும் மூத்த பிள்ளைக்கும், மருந்து தாய்க்கு, பகலில் ஒருமுறை எட்டிப் பார்த்தல் பாட்டிக்கு எனப் பகிர்ந்தால் எவருக்கும் சுமையாகாது.

உணவு பற்றிய குறிப்புகள்

நாய் புலாலின்றி வாழாது என்பர் சிலர். பூனையைப் போலன்றி, தானியமும் பருப்பும் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு உண்டு. குழைந்த சோறு, வேகவைத்த பருப்பு, கேழ்வரகு, பூசணி, கேரட், தயிர் ஆகியவை நலமுள்ள வளர்ந்த நாய்க்குச் சில வாரங்கள் பொருந்தும். குட்டிக்கும், நோயுற்ற நாய்க்கும், நெடுநாள் வளர்ப்புக்கும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையாதவாறு கால்நடை மருத்துவரிடம் உணவுத் திட்டம் பெறுதல் வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களை அழிப்பன. இவற்றை விலக்கிய சமையல் நம் இல்லங்களில் முன்பே உண்டு என்பது நற்பேறு. ஆனால் திராட்சையும் உலர்ந்த திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரைப் பொங்கலைப் பிள்ளைகள் அன்பால் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்க. சாக்லேட்டும் நஞ்சே. மாலை உணவை நம்மோடு கதிரவன் மறையுமுன் அளித்தால் இரவில் உணவு கிடந்து எறும்பு மொய்க்கும் நிலையும் நேராது.

உண்ணி, குடற்புழு, வெறிநோய்

நம்மவருக்கு மிகவும் இடர்ப்பாடான பகுதி இதுவே. உண்ணி, நாயின் குருதியில் கொடிய காய்ச்சலைப் பரப்பும். நாயின் மலத்தில் உள்ள புழு முட்டைகள் குழந்தைகளின் உடலிலும் புகும். மருந்து அளித்தால் அவ்வுயிர்கள் மடியும். அளியாவிடில் நாயும் பிள்ளைகளும் நலிவர். இல்லறத்தார் முற்றத் துறக்க வேண்டியது கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை. காத்தற்பொருட்டு நேரும் விரோத இம்சை இல்லறத்தில் முழுதும் தவிர்க்க இயலாதது. ஆகவே மருத்துவர் கூறியவாறு மருந்தளித்து, பிரதிக்கிரமணத்தில் அதனை நினைந்து வருந்துவதே தக்கது. ஓர் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முதல் நாள் தொட்டே நாள்தோறும் சீவி, விரிப்பை வெயிலில் உலர்த்தி, சுவரிடுக்குகளைத் துடைத்துவந்தால் அவை பெருகா. பின்னர் மடியும் உயிர்களும் மிகக் குறையும்.

வெறிநோய் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிது. நாய்க்குத் தடுப்பூசி இடப்பட்டதா என்பதை ஏற்குமுன் கேட்டறிக. கடியோ நகக்கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக் காலந்தாழ்த்தல் கூடாது.

பிரிவும் ஒரு பாடம்

ஏழாம் வார இறுதியில் செவலைக்கு நிலையான குடும்பம் கிடைத்தது. இளைய பிள்ளை இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. "நம்முடையது அன்றோ?" என்று கேட்டான். அதன் கால் நலமடைய வேண்டும் என்றே வேண்டினோம். அது நலமடைந்து செல்கிறது. நம்முடையது என்று பற்றிக்கொண்டால் அடுத்து அடிபட்டு வரும் உயிருக்கு இடம் எங்கே என்று பாட்டி அவனுக்கு எடுத்துரைத்தார். ஐந்தாம் அணுவிரதமாகிய மிகுபொருள் விரும்பாமையை அவன் அன்று ஓரளவு உணர்ந்தான். கொல்லைப்புற அறையின் சாக்கை அவனே துவைத்து மடித்து வைத்தான்.

அன்பர்கள் தம் இல்லத்தின் இடமும் ஆள்வலியும் நோக்கி இப்பணியை ஏற்பார்களாக. இயலாதோர், ஏற்றோர்க்கு மருந்தும் உணவும் அளித்து உதவலாம்.

இளையோர் சிந்தனைக்கு

1. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் யாவை? ஒவ்வொன்றுக்கும் உங்கள் தெருவில் கண்ட ஓர் எடுத்துக்காட்டுக் கூறுக.
2. சீவகன் நாய்க்குச் செய்த உதவி யாது?
3. சங்கல்ப இம்சைக்கும் விரோத இம்சைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
4. உங்கள் இல்லத்துக்கு ஒரு நாய் நான்கு வாரங்களுக்கு வருமாயின் யார் எப்பணியை ஏற்பீர்கள்? குடும்பத்தினரோடு அமர்ந்து ஒரு பட்டியல் வரைக.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!