தோற்றவர் வரலாறு: தெற்கெல்லை வில்லுப்பாட்டுகள்

வரலாறு என்றதும் நாம் கல்வெட்டையும் செப்பேட்டையும் எண்ணுகிறோம். எண்ணுவது முறையே. ஆனால் கல்லில் எழுதுவித்தவர் யாவர்? வென்ற வேந்தரும் அவர் வழிவந்தோருமே அல்லரோ? தோற்றவர்க்குக் கல்லும் இல்லை, செம்பும் இல்லை. அவர்கள் கதை எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டால், நம் தெற்கெல்லையில் அதற்கு ஒரு விடை உண்டு. அது வில்லுப்பாட்டில் தங்கியிருக்கிறது. இக்கருத்தை நம் மன்றத்து நண்பர்கள் முன் வைத்து, பாட்டிலிருந்து வரலாற்றைப் பிரித்தெடுப்பது எவ்வாறு என்பதையும் சிறிது ஆராய விரும்புகிறேன்.

வில்லுப்பாட்டு என்றால் நம்மில் பலருக்கு மேடையும் வானொலியும் நினைவுக்கு வரும். நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காந்தியடிகள் கதையை வில்லில் பாடினார். அவருக்குப் பின் சுப்பு ஆறுமுகம் (1928-2022) வில்லை நாடெங்கும் கொண்டு சென்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இவர்கள் தொண்டு பெரிது. ஆயினும் வில்லின் பழைய இருப்பிடம் மேடை அன்று. சிற்றூர்க் கோயிலின் முற்றமே ஆகும். அம்முற்றத்துப் பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பாட்டு வழங்கும் நிலம்

நான் பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வட்டாரம் நெய்யாற்றின்கரை. வீட்டிலே தமிழும் பள்ளியிலே மலையாளமுமாக வளர்ந்தவர் எங்களில் பலர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை விழுந்தது.

நிலம் பிரிந்தது, பாட்டு பிரியவில்லை. எல்லைக்குக் கிழக்கே கொடை விழாவில் ஒலிக்கும் அதே வில், மேற்கே ஊட்டு விழாவிலும் ஒலிக்கிறது. குமரி மாவட்டத்தார் அதனை வில்லுப்பாட்டு என்பர். எங்கள் பக்கத்தார் வில்லடிச்சான் பாட்டு என்பர். மலையாள இலக்கிய வரலாறு எழுதியோர் இக்கதைப் பாடல்களைத் 'தெக்கன் பாட்டுகள்' என்று பெயரிட்டு, வடமலபாரின் 'வடக்கன் பாட்டுக'ளுக்கு எதிரிணையாக வைத்தனர். தமிழறிஞரோ இவற்றைத் தமிழ்க் கதைப்பாடல்கள் என்றே கொண்டனர். ஒரே பாட்டுக்கு இரண்டு இலக்கிய வரலாறுகளில் இடம் கிடைத்திருப்பது வருந்தத்தக்கதன்று, பெருமைக்குரியதே. மொழியோ, மலையாளச் சொற்கள் விரவிய நாட்டுப்புறத் தமிழ். எங்கள் ஊர்க் கிழவிக்கு அகராதி இன்றியே அது விளங்கும்.

வில்லும் குழுவும்

இப்பாட்டுக்கு உரிய கருவிகளை அறிந்துகொள்வது நலம். முதன்மையானது வில். வைரம் பாய்ந்த பனங்கட்டையால் அதனைச் செய்வது பழைய வழக்கம். தோல் வடத்தை நாணாகப் பூட்டி, வில்லில் மணிகளைக் கோத்துத் தொங்க விடுவர். தரையில் இருத்திய மண்குடத்தின்மேல் வில்லைக் கிடத்தி, நாணை வீசுகோல்களால் அடித்துத் தலைமைப் பாடகர் பாடுவார். நாண் அதிரும், மணி ஒலிக்கும், குடம் அவ்வதிர்வை வாங்கி முழங்கும். குடத்தின் வாயைப் பத்தியால் அடித்து ஒருவர் தாளம் கூட்டுவார். உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் சேரும். பாடுவோர் வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என இரு பக்கமாக அமர்வர். வலப்பக்கத்தார் கதையை நடத்த, இடப்பக்கத்தார் அதை வாங்கிப் பாடுவர்.

காப்பும் குருவணக்கமும் அவையடக்கமும் முதலில் வரும். பின்னர் நாட்டு வளம் பாடிக் கதைக்குள் நுழைவர். இறுதியில் வாழி பாடி முடிப்பர். இடையிடையே உரைநடையும் வரும். அவ்விடங்களில்தான் பாடகரின் புலமை வெளிப்படும். வழிவழியாக வந்த அடிகளைப் பெரிதும் மாற்றாமல் பாடுபவர், உரைநடையில் தம் மனம்போல் விரித்துச் சொல்வார். ஆகவே பாட்டுப் பகுதி பழையது, உரைப் பகுதி பாடுவோரின் காலத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இவ்வேறுபாட்டை ஆராய்ச்சி மாணவர் மறத்தல் ஆகாது.

எதற்காகப் பாடுகின்றனர்?

வில்லுப்பாட்டுக் கதைகளில் இருவகை உண்டு. ஒன்று, கயிலையில் பிறந்து மண்ணுக்கு வந்த தெய்வங்களின் கதை. மற்றொன்று, மண்ணில் பிறந்து அகாலத்தில் கொலையுண்டோ தம்மை மாய்த்துக்கொண்டோ இறந்து, பின் தெய்வமானோரின் கதை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988-இல் வெளிவந்த தம் வில்லுப்பாட்டு ஆய்வு நூலில் இவ்விரண்டையும் பிறப்புக் கதை, இறப்புக் கதை எனப் பிரித்துக் காட்டினார். நம் மக்களோ இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிவர்.

முறையின்றி உயிரிழந்தவன் அமைதியுறான், அவனுக்குப் படையலிட்டு அவன் கதையை அவன் முன்னிலையிலேயே பாட வேண்டும் என்பது மக்கள் நம்பிக்கை. எனவே அவன் வெட்டுண்ட இடம் பாடப்படும்போது கேட்போர் எழுந்து நிற்பர். கோமரத்தாடிக்கு அருள் வரும். இந்நம்பிக்கையை ஏற்பதும் ஏலாததும் அவரவர் உரிமை. நாம் நோக்க வேண்டியது ஒன்றே. அநீதியாக இறந்த ஒருவனுக்கு ஊர் பட்ட கடனாகவே இப்பாட்டு பாடப்படுகிறது. கடன் என்று கருதியதால்தான், ஏடு செல்லரித்த பின்னும் பாட்டு அழியாது நின்றது.

இரவிக்குட்டிப்பிள்ளை போர்

எடுத்துக்காட்டாக இரண்டு பாட்டுகளைக் காண்போம். முதலாவது இரவிக்குட்டிப்பிள்ளை போர்; கணியாகுளம் போர் என்றும் வழங்கும். மதுரையைத் திருமலை நாயக்கர் (1623-1659) ஆண்ட காலத்தில், அவர் படை வேணாட்டின்மேல் வந்தது. படைத்தலைவன் இராமப்பய்யன் என்று பாட்டு கூறும். வேணாட்டின் பக்கம் நின்று பொருதவன் இரவிக்குட்டிப்பிள்ளை. நாகர்கோவிலுக்கு அண்மையில் உள்ள கணியாகுளத்தில் அவன் வீழ்ந்தான்.

இப்பாட்டில் சுவைஞர்கள் காத்திருந்து கேட்கும் பகுதி போர் அன்று, புறப்பாடு ஆகும். தாய் தீக்கனவு கண்டு, இன்று போகாதே மகனே எனத் தடுக்கிறாள். மனைவி தான் கண்ட கனவைச் சொல்லி அழுகிறாள். அவனோ, போர்க்கு அஞ்சி வீட்டில் இருந்தால் மட்டும் எமன் விடுவானோ என்னும் கருத்துப்பட விடை கூறிப் புறப்படுகிறான். களத்தில் உடன் நின்று காக்க வேண்டிய பிற தலைவர்கள், பொறாமையால் அவனைத் தனியே விட்டனர் என்கிறது பாட்டு. எதிரியின் வாளைவிட உடனிருந்தோரின் வஞ்சமே அவனைக் கொன்றது என்பது அதன் தீர்ப்பு. பகைவரைப் பழிப்பதைவிடத் தன் நாட்டுத் தலைவரைப் பழிப்பதில் பாட்டு துணிவு காட்டுகிறது. அரசவைப் புலவர் ஒருவர் இதனைப் பாடியிருப்பின் இத்துணிவு பிறந்திருக்குமா?

தம்பிமார் கதையும் அம்மச்சிப் பிலாவும்

இரண்டாவது பாட்டு தம்பிமார் கதை. வலியதம்பி குஞ்சுதம்பி கதை என்றும் கூறுவர். இதன் எதிர்க்கதை எங்கள் நெய்யாற்றின்கரையிலேயே நிற்கிறது. அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பட்டுப்போன பலா மரம் ஒன்றின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்துள்ளனர். அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். இளவரசராய் இருந்த மார்த்தாண்டவர்மர், பகைவர் துரத்தி வந்தபோது அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பர். ஒளிய இடம் காட்டிய சிறுவன் கண்ணனே என்பது கோயில் வழக்கு. அவரைத் துரத்தியோர் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் தம்பிமாரும் என்று நூல்கள் கூறும். சி. வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாளப் புதினத்தில் தம்பிமார் தீயோராகவே வருகின்றனர்.

தம்பிமார் யாவர்? மார்த்தாண்டவர்மருக்கு முன் ஆண்ட இராமவர்மரின் மக்கள். திருவிதாங்கூர் அரச குலத்தில் மருமக்கள் தாயமே முறை. அரியணை மகனுக்கன்று, மருமகனுக்கே உரியது. அம்முறைப்படி 1729-இல் மார்த்தாண்டவர்மர் அரசரானார். மக்கள்தாயப்படி தங்களுக்கே உரிமை என்றனர் தம்பிமார்; திருச்சிராப்பள்ளியிலிருந்து அழகப்ப முதலியாரின் படையையும் துணைக்கு அழைத்தனர். முடிவில் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். நூல்கள் கூறும் செய்தி இது.

வில்லுப்பாட்டு வேறு தொடக்கம் காட்டுகிறது. அரசர் தம்பிமாரின் தங்கையை மணக்க விரும்பினார். அவள் வயிற்றில் பிறக்கும் மகனுக்கே பட்டம் என்று உறுதி தந்தால் தருவோம் என்றனர் தமையன்மார். அரசர் இசையவில்லை, பகை மூண்டது. தமையன்மார் மாண்டபின் தங்கையும் உயிர் துறந்தாள். நூலில் பதவி ஆசையால் எழுந்த கலகம், பாட்டில் ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க எழுந்த பூசலாகிறது.

இப்பாட்டு நிகழ்ந்த மறுநாள் எங்கள் ஊர் டீக்கடைத் திண்ணையில் நடக்கும் வழக்காடலை நான் பலமுறை கேட்டதுண்டு. இந்தச் சுவைஞர்கள் ஒரு குழுவின் பாட்டைக் கேட்க ஊர் ஊராகச் செல்பவர்கள். எந்தப் பாடகர் எந்த அடியை விட்டார், யார் எங்கே கூட்டினார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒருமுறை இளைஞன் ஒருவன், "தம்பிமாரு வெளியூருப் படையக் கூட்டீட்டு வந்தது செரியா பாட்டா? நாட்டு முறை மருமக்கத்தாயம் அல்லவா?" என்று கேட்டான். முதியவர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மக்களே, ராசா ஒளிஞ்ச பிலாவ அவிய பத்திரமாட்டு வச்சிருக்கினும். தம்பிமாருக்கு என்ன உண்டு? இந்த வில்லு மட்டுந்தான் உண்டு" என்றார். அவ்விளைஞன் விடவில்லை. "அப்பம் வில்லு சொல்லுததெல்லாம் சத்தியமா?" என்றான். "சத்தியமுன்னு நான் சொன்னனா? அவங்களுக்கும் ஒரு பேச்சு உண்டுன்னுதான் சொன்னேன்" என்றார் பெரியவர்.

நூறு பக்கத்தில் எழுதும் ஆராய்ச்சி நெறியை அப்பெரியவர் ஒரே வரியில் கூறிவிட்டார் என்று கருதுகிறேன்.

பாட்டை ஆராயும் முறை

கதைப்பாடலை முழுதும் வரலாறு என்று கொள்வாரும் உளர். முழுதும் பொய் என்று தள்ளுவாரும் உளர். இரண்டும் தவறு. பாட்டை மூன்று கூறாகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, அரசர் பெயர், ஊர்ப் பெயர், போர், ஆண்டு முதலியன. இவற்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிடல் வேண்டும். கல்வெட்டுகள் உள்ளன, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் சுவடிகள் உள்ளன. ஒத்து வருவதைக் கொண்டு, ஒவ்வாததைக் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, மண முறை, உடை, உணவு, படைக்கலம், வரி, சாதி வழக்கம் முதலியன. பாடியவர் இவற்றை மெய்ப்பிக்க முயலவில்லை. தாம் அறிந்ததைப் போகிற போக்கில் சொன்னார். ஆதலின் மக்கள் வாழ்க்கையை அறிய இவையே சிறந்த சான்று. தம்பிமாரின் தங்கையை அரசர் கேட்டது உண்மையோ அன்றோ, மக்கள்தாயமும் மருமக்கள் தாயமும் ஒரே மண்ணில் மோதிக்கொண்டிருந்தன என்பதற்கு அப்பாட்டு ஐயமற்ற சான்றாகும்.

மூன்றாவது, கனவு, நிமித்தம், தெய்வ அருள் முதலியன. இவற்றில் நிகழ்ச்சியைத் தேடற்க. மக்களின் மனத்தைத் தேடுக. இரவிக்குட்டிப்பிள்ளையின் தாய் அக்கனவைக் கண்டாளா என்பது வினா அன்று. மகனைப் போருக்கு அனுப்பிய தாய்மார் அனைவரின் நெஞ்சமும் அக்கனவில் பேசுகிறது.

நடுநிலையும் வேண்டும். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றவர் மார்த்தாண்டவர்மர். 1750-இல் நாட்டைப் பத்மநாபனுக்கே காணிக்கையாக்கியவரும் அவரே. தம்பிமார் பாட்டைக் கேட்டு அவர் பெருமையை மறுப்பது பேதைமை. அவர் பெருமையைக் கேட்டு, மாண்டவரின் பக்கத்தைக் கேளாமல் விடுவதும் அத்தகைய பேதைமையே. பிலாவும் வில்லும் இரு சாட்சிகள். இரண்டையும் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுதல் ஆகாது.

நாம் செய்யத்தக்கது

பாட்டைத் தொகுத்தோர் நமக்கு முன்பே உளர். நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ண நாடார் இப்பாட்டுகளைத் தேடித் தொகுத்து மலையாளத்தில் வெளியிட்டார். பேராசிரியர் நா. வானமாமலை பல கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டுப் பாடல்களை அ. கா. பெருமாள் தொடர்ந்து ஆராய்ந்து நூல்கள் எழுதியுள்ளார். காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக் கழகச் சுவடி நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளும் உள்ளன.

அச்சேறியது பாட்டின் உடல். உயிரோ பாடுவோரிடமும் கேட்போரிடமும் இருக்கிறது. இரவு முழுதும் நடந்த கதையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லும் விழாக் குழுவினரை நான் கண்டிருக்கிறேன். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நாட்டு வளமும் பெயர் வரிசையும். வரலாற்று மாணவனுக்கு வேண்டியவையும் அவையே. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாடகர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பாட்டு தமிழ்; எழுத்து மலையாளம். தமிழெழுத்து அறியாத அவர் தமிழ்ப் பாட்டைத் தம் கையெழுத்தால் காத்து வருகிறார். தமிழெழுத்து அறிந்த நாமோ பாட்டை அறியோம்!

ஆதலின் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் ஊர்க் கொடைக்கோ ஊட்டுக்கோ செல்லுங்கள். கையிலுள்ள தொலைபேசியிலேயே பாட்டைப் பதிவு செய்யலாம். ஆனால் பாடகரின் இசைவு பெற்ற பின்னரே செய்க. பாடியவர், ஊர், நாள், கோயில் ஆகியவற்றைக் குறித்து வைக்க. பாட்டோடு நின்றுவிடாமல், மறுநாள் திண்ணையில் அமர்ந்து முதியோரின் வழக்காடலையும் எழுதிக்கொள்க. ஓர் அடியின் பொருள் என்ன, அது யாரைக் குறிக்கிறது, முன்பு எவ்வாறு பாடினர் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். பாடகர் மறைந்தால் மாணாக்கர் பாடக்கூடும். கேட்டுக் கேட்டுத் தேர்ந்த சுவைஞர் மறைந்தால், பிழையைப் பிழை என்று சொல்ல ஆள் இராது.

அடுத்த ஆண்டு இதழில் இவ்வாறு தொகுத்த ஒரு பாட்டேனும், அதனைக் கேட்டோரின் கருத்துரையோடு, நம் மன்றத்தின் பெயரால் வெளிவருமாயின் இக்கட்டுரை பயன்பட்டதாகக் கொள்வேன்.