இரண்டு ஓவியங்களுக்கு இடையில்

அனிமேஷன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கணினிதான். எந்த மென்பொருள், என்ன விலை என்றே கேட்கிறோம். இத்துறையில் கால்பதிக்க விரும்பும் நான் உள்நாட்டு அனிமேஷன் திரைப்பட இயக்குநர் ஒருவரின் உரையைக் கேட்கச் சென்றிருந்தேன். மென்பொருளுக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்றார் அவர்: ஓர் அசைவுக்கு எவ்வளவு நேரம் தேவை? அங்குக் கற்றதை நம் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கணக்கு

திரையில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 ஓவியங்கள் போதும். கையால் வரைந்த படங்கள் பல இப்படி உருவானவையே. அப்போதும் 90 நிமிடப் படத்திற்கு 64,800 ஓவியங்கள் வேண்டும். ஆகவே அசைவின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய முக்கிய ஓவியங்களை மூத்தவர் வரைவார். இடை ஓவியங்களை உதவியாளர் நிரப்புவார். இன்று அந்த இடைநிலைகளைக் கணினி கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் அவை எங்கே நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் கலைஞரே.

பந்தும் பாட்டியும்

இதை விளக்க இயக்குநர் பலகையில் ஒரு பந்தை வரைந்தார். நீங்களும் செய்து பார்க்கலாம். 16 செண்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு கோடு போடுங்கள். மேலிருந்து 1, 4, 9, 16 ஆகிய இடங்களில் பந்தை வரையுங்கள். இடைவெளி 1, 3, 5, 7 என்று கூடுவதால் பந்து வேகமெடுத்து விழும். அதையே 4, 8, 12, 16 என்று சமமாக வைத்தால், நூலில் கட்டி இறக்கியதுபோல் இருக்கும். ஓவியங்களின் எண்ணிக்கை ஒன்றுதான். பந்தின் எடை மட்டும் காணாமல் போய்விடுகிறது.

மனிதருக்கும் இதே விதிதான். பாட்டி ஒருவர் தலை நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறார். இடையில் மூன்றே ஓவியங்கள் என்றால் திடுக்கிட்டார் என்று பொருள். இருபது என்றால் நெடுநேரம் காத்திருந்து களைத்தவராகத் தெரிவார்.

நம் மொழிக்கு என்ன இடம்?

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான ‘ஹிக்காயாட் சங் கஞ்சில்’ 1983இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். முதல் முழுநீளப் படமான ‘சீலாட் லெகெண்டா’ 1998இல் வெளிவந்தது. இந்த வரலாற்றைக் கேட்டதும், பிற மொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்தால் போதாதா என்று நான் வினவினேன்.

அனிமேஷனில் பெரும்பாலும் குரலே முதலில் பதிவாகிறது என்றார் இயக்குநர். அந்தக் குரலுக்கேற்பவே வாயும் கையும் புருவமும் அசைகின்றன. “இல்லையே” என்று நாம் இழுக்கும் ஏகாரத்திற்கு எத்தனை சட்டகங்கள்? “வாய்யா” என்று அழைக்கும்போது தலை எப்படிச் சாய்கிறது? பின்னால் சேர்க்கும் குரலால் இவற்றைக் கொண்டுவர முடியாது. உதடு பேசுவது தமிழாக இருக்கும். உடல் பேசுவது வேறொன்றாக இருக்கும்.

ஆகவே இத்துறையை நாடும் நண்பர்களே, விலையுயர்ந்த கணினி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு குறிப்பேடும் நிறுத்துக் கடிகாரமும் போதும். உணவகத்தில் தேநீர் ஆற்றுபவரின் கையை, பேருந்துக்கு ஓடுபவரின் காலைக் கவனியுங்கள். வினாடிகளை எண்ணி 24ஆல் பெருக்குங்கள். நம் மக்களின் அசைவுகளை நாம் அளந்து வைக்காவிட்டால், வேறு யார் அளப்பார்?