மலையேறும் டயரில் எவ்வளவு காற்று?

கோடை விடுமுறை வந்துவிட்டால் கோவையிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் கார்களுக்கும் வேன்களுக்கும் கணக்கில்லை. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்; மேலே கேரியரில் பெட்டி, படுக்கை, அடுப்பு எல்லாம் ஏறியிருக்கும். இத்தனை எடையையும் தாங்குவது எது? 'டயரின் ரப்பர்' என்பீர்கள். உண்மையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே! 1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தியதும் இந்தப் பண்பை நம்பித்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களுடன் சேர்த்து ஒரு காரின் எடை 1,600 கிலோ எனக் கொள்வோம். சக்கரத்துக்குச் சராசரியாக 400 கிலோ. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 400-ஐ 2.25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 178 சதுர செ.மீ. வரும். டயர் சாலையைத் தொடும் பரப்பு இவ்வளவே. ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரியது!

காற்றைக் குறைத்தாலும் சரி, எடையைக் கூட்டினாலும் சரி, இப்பரப்பு அதிகரிக்கும். அதற்காக டயரின் பக்கச் சுவர் கூடுதலாக வளைய வேண்டும். ஒரு கிலோமீட்டரில் சக்கரம் சுமார் 550 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடேறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? டயரும் அப்படியே சூடேறுகிறது. வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் இழைகளை விட்டு ரப்பர் பிரிந்து, டயர் வெடிக்கலாம். காற்று மிகுந்தாலும் தீமையே. டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிமானம் குறையும்.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். 82 என்றிருந்தால், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடை 475 கிலோ. நம் காரில் மேலும் 300 கிலோ ஏற்றினால் சராசரியே 475-ஐத் தொட்டுவிடும். சுமையில் 55 விழுக்காடு பின்பக்கம் விழுந்தால், பின் டயர் ஒவ்வொன்றும் 522 கிலோவைச் சுமக்கும்! மேடு ஏறும்போது எடை இன்னும் பின்னே சாயும். கூடுதல் காற்றடித்து இந்த வரம்பை மீற முடியாது. சுமையை இறக்குவதே வழி.

இனி ஒரு வேடிக்கை. காற்றளவுமானி காட்டுவது டயரின் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 பவுண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் சுமார் 11.2 பவுண்டு. அப்படியானால் ஊட்டியில் அளவு கூட வேண்டுமே? ஆனால் அங்கே குளிர்! கோவையில் 35 பாகை வெப்பத்தில் 32 காட்டிய டயரில் மொத்த அழுத்தம் 46. ஊட்டியில் 15 பாகைக்குக் குளிர்ந்ததும் அது 46 × 288 ÷ 308, அதாவது 43 ஆகிறது. இதில் 11.2 போக, 31.8! உயரம் கூட்டியதைக் குளிர் கழித்துவிட்டது.

ஆனால் ஓடிச் சூடான டயரில் அளவு சில பவுண்டு கூடுதலாகவே காட்டும். 'காற்று அதிகம்' என்று வழியில் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்தபின் அழுத்தம் குறைந்துபோகும்; மீண்டும் ஓடும்போது டயர் மிகுதியாக வளைந்து இன்னும் சூடேறும். மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில், புறப்படும் முன்பே சோதிப்பதே முறை. உரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய சட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முழுச் சுமைக்குத் தனி அளவு இருந்தால் அதையே கொள்க. ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்!

செய்து பாருங்கள்: உங்கள் சைக்கிளின் பின் டயரில் மை தடவி, கட்டம் போட்ட தாளின்மேல் நிறுத்துங்கள். தனியாகவும், நண்பரைப் பின்னால் ஏற்றியும் தடங்களைப் பதித்துப் பரப்பை எண்ணுங்கள். அடுத்த பயணத்தில் காற்றைச் சோதிக்கும்படி அப்பாவிடம் சொல்ல, அந்தத் தாளே போதும்.