கண்டியின் உயரத் தரவை அட்டவணையாக்கும் முறை

நிலப்பரப்பைச் சம அளவான சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் வீதம் அடுக்கிவைத்த கோப்பே கட்டத் தரவுக் கோப்பு, அதாவது ராஸ்டர். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இவ்வகையைச் சேர்ந்தது. கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் ‘என்07ஈ080’ என்ற கோப்பில் அடங்குகின்றன. வடக்கு 7 முதல் 8 பாகை வரையும் கிழக்கு 80 முதல் 81 பாகை வரையும் உள்ள பரப்பு, 3,601 நிரைகளும் 3,601 நிரல்களுமாக அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 30 மீற்றர்.

கோப்புக்குள் அகலக்கோடோ நெடுங்கோடோ எங்கும் எழுதப்படவில்லை. வடமேற்கு மூலையில் தொடங்கி உயரங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. கண்டி நகரில் வடக்கு 7.290556, கிழக்கு 80.633611 என்ற இடத்தின் உயரம் தேவையானால், மேலிருந்து 2,554 நிரைகளையும் இடமிருந்து 2,281 நிரல்களையும் தாண்டிச் சென்று எடுக்க வேண்டும். வரிசைதான் அங்கே முகவரி. அட்டவணையாக்கிய பின் யாராவது உயரப்படி வரிசைப்படுத்தினாலே அந்த முகவரி தொலைந்துபோகும். எனவே ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அதன் அமைவிடத்தை எழுதிவைப்பதே இந்த மாற்றத்தின் உயிர்நாடி.

கோப்பை நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து பதிவிறக்கலாம். பெயரை மாற்றக் கூடாது. அமைவிடத்தை மென்பொருள் அறிவது அந்தப் பெயரிலிருந்துதான். பின்னர் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறக்க வேண்டும்.

முதல் வேலை வெட்டுவது. முழுக் கோப்பையும் அட்டவணையாக்கினால் 12,967,201 நிரைகள் வரும். எக்செல் தாளில் 1,048,576 நிரைகளுக்கு மேல் இடமில்லை. ராஸ்டர் பட்டியலில் ‘கிளிப் ராஸ்டர் பை எக்ஸ்டென்ட்’ கருவியைத் திறந்து, எல்லையாக 80.55, 80.75, 7.20, 7.35 என்று கொடுத்தால் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, ஹந்தானை எல்லாம் உள்ளே வந்துவிடும். வெட்டிய துண்டில் 720 நிரல்களும் 540 நிரைகளும் இருக்கும். மொத்தம் 388,800 கட்டங்கள்.

அடுத்து, கருவிப்பெட்டியில் ‘ராஸ்டர் பிக்சல்ஸ் டு பாயின்ட்ஸ்’. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளியை வைத்து, உயரத்தை அதனுடன் சேர்த்துத் தருவது இது. தரவில்லாத கட்டங்களை இக்கருவி விட்டுவிடும். புள்ளிகள் 388,800இற்குக் குறைந்தால், குறைந்த அளவுக்குத் தரவு விடுபட்டிருக்கிறது என்று பொருள். ‘எக்ஸ்வைஇசட்’ வடிவில் நேரடியாக ஏற்றுமதி செய்யும் வழியும் உண்டு. ஆனால் அதில் தரவின்மையைக் குறிக்கும் -32768 உயரமாகவே அட்டவணைக்குள் நுழைந்து சராசரியைக் கெடுத்துவிடும்.

அமைவிட நிரல்களைச் சேர்ப்பதில்தான் அதிக கவனம் வேண்டும். ‘ஆட் எக்ஸ்/வை ஃபீல்ட்ஸ் டு லேயர்’ கருவியை இருமுறை இயக்குவது நல்லது: முதலில் ஈபிஎஸ்ஜி 4326 என்ற ஆள்கூற்று முறைமைக் குறியெண்ணைக் கொடுத்து நெடுங்கோடும் அகலக்கோடும், பிறகு ஈபிஎஸ்ஜி 5235 கொடுத்து இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூறுகளும். இரண்டாவது முறைமை பீதுருதாலகாலை உச்சிக்கு 500,000, 500,000 என்ற மீற்றர் மதிப்பை வைத்துத் தொடங்குகிறது. கண்டி நகரம் கிழக்கு 485,000, வடக்கு 532,000 அளவில் விழும். இதற்கு வெகு தொலைவான எண்கள் வந்தால் தவறான முறைமை தேர்வாகியிருக்கிறது. ராஸ்டரையே முதலில் எஸ்எல்டி99க்கு மாற்றிவிட்டுப் புள்ளியாக்குவது பலரின் வழக்கம். அது தவிர்க்க வேண்டியது. அப்படி மாற்றும்போது கட்டங்கள் புதிதாக அடுக்கப்பட்டு, அளந்த உயரங்களும் இடம்பெயர்கின்றன. புள்ளிகளை மாற்றினால் உயரம் தொடப்படுவதில்லை.

பின்பு அடுக்கின் மேல் வலது சொடுக்கி, சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்க வேண்டும். பாகை எண்களில் ஆறு தசம இடங்கள் இருக்கட்டும். மூன்றாகச் சுருக்கினால் 110 மீற்றருக்குள் அடங்கும் கட்டங்கள் பல ஒரே அமைவிடத்தைக் காட்டும். நிரல் தலைப்பில் ‘உயரம்_மீற்றர்’ என அலகையும் எழுதிவைக்க வேண்டும்.

அட்டவணையை நம்புமுன் சில நிரைகளை வரைபடத்தோடு ஒப்பிடுவது அவசியம். நகரப் பள்ளத்தாக்கு 500 மீற்றரை ஒட்டியும் ஹந்தானைச் சிகரங்கள் 1,000 மீற்றருக்கு மேலும் இருக்க வேண்டும். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலைக் காட்டில் உயரம் சற்றுக் கூடித் தெரிந்தால் அது மாற்றத்தில் நேர்ந்த பிழையல்ல. ராடார் அலை தரையை எட்டாமல் மரக்கிளைகளிலேயே பெருமளவு திரும்பிவிடுகிறது.

மழைவீழ்ச்சித் தரவுக்கும் இதே முறைதான், ஆனால் காலம் என்ற இன்னொரு நிரல் சேரும். 1981 முதல் கிடைக்கும் சேர்ப்ஸ் என்ற மழைவீழ்ச்சித் தரவின் கட்டம் 0.05 பாகை, மேலே சொன்ன எல்லைக்குள் 12 கட்டங்களே வரும். அவற்றின் ஓராண்டு மாதத் தரவு 144 நிரைகள். கியூஜிஐஎஸ் கருவி ஒரு நேரத்தில் ஒரு மாத அடுக்கை மட்டுமே புள்ளியாக்கும் என்பதால், பல ஆண்டுகளுக்குப் பைதானின் எக்ஸ்அரே நூலகமே ஏற்றது. சேர்ப்ஸ் தரவு அடங்கிய நெட்சிடிஎஃப் கோப்பில் திகதி, 1980 ஜனவரி 1இலிருந்து கடந்த நாட்களாக இருக்கும். 366 என்றால் 1981 ஜனவரி 1. அதை வழக்கமான திகதியாக மாற்றியே அட்டவணையில் இட வேண்டும்.