குடியானவரின் குடியிருப்பு வீடும் கடன் டிக்ரி ஜப்தியும்

கடனுக்காக டிக்ரி பெற்றவர் கடனாளியின் சொத்தை ஜப்தி செய்து ஏலத்திற்குக் கொண்டுவரலாம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, விவசாயி குடியிருந்துவரும் வீட்டையும், அதன் அடிமனையையும், வீட்டை ஒட்டி அதன் அனுபவத்திற்கு அவசியமான நிலத்தையும் ஜப்தியினின்று விலக்குகிறது. உழவுக் கருவிகள், மாடுகள், விதைத் தானியம் ஆகியவற்றுள் ஜீவனத்திற்கு அவசியமெனக் கோர்ட்டார் கருதுவனவும் விலக்குப் பெறும். கண்மாய்க்குக் கீழுள்ள நஞ்சைக்கோ தூரத்துப் புஞ்சைக்கோ இவ்விலக்கு இல்லை.

இவ்விலக்கைக் கடன் கொடுத்தவர் பின்வருமாறு ஆட்சேபிக்கலாம்.

1. கடனாளி விவசாயி அல்லர் என்பது. சொந்தக்காரராயினும் குத்தகைதாரராயினும் விவசாயக் கூலியாயினும், நிலத்தை நேரடியாகப் பயிரிட்டு, பிரதானமாக விவசாய நில வருமானத்தைக் கொண்டு ஜீவிப்பவரே விவசாயி என்று 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் விளக்குகிறது. காரைக்குடியில் வியாபார வருமானத்தால் வாழ்பவர், சிறிது வயல் இருப்பதனால் மட்டும் விவசாயி ஆகார்.

2. அவர் அவ்வீட்டில் குடியிருக்கவில்லை என்பது. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெருவீடுகள் பல. வெளியூரில் நிலையாக வசிப்பவர் விலக்குக் கோரினால் இவ்வாட்சேபணை எழும்.

3. ஒட்டிய நிலம் வீட்டிற்கு அவசியமானதன்று என்பது. மாட்டுத் தொழுவமும் முற்றமும் வீட்டைச் சேர்ந்தவை எனலாம். பெருந்தோப்பை அவ்வாறு சொல்லுதல் அரிது.

4. வீடு அடமானம் வைக்கப்பட்டது என்பது. அடமான டிக்ரியில் ஜப்தியின்றியே விற்பனை நடப்பதால், விலக்கு பொதுவாக உதவாது. ஆனால் சாதாரணக் கடன் பத்திரத்தில், "விலக்குக் கோரமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது என்பது 1976-ஆம் வருஷத்துத் திருத்தம்.

5. அவ்வீட்டிற்கோ மனைக்கோ உரிய வாடகைப் பாக்கிக்காகவே டிக்ரி ஆயிற்று என்பது. இதற்கும் விலக்கு இல்லை.

விலக்கு உண்டென்று ருஜுப்பிக்கும் பொறுப்பு அதைக் கோரும் கடனாளியையே சார்ந்தது. ஆகவே நோட்டீஸ் கிடைத்தவுடன், ஏலத்திற்கு முன்பே, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டில் வக்கீல் மூலம் ஆட்சேபணை தாக்கல் செய்தல் வேண்டும். சிட்டா, அடங்கல் நகல், வீட்டு வரி ரசீது, நெல் விற்ற ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தல் நலம்.

கிராம அதிகாரிகளும் ஒன்றைக் கருத வேண்டும். வயலைப் பாராது அடங்கலில் எழுதும் ஒரு வரி, உழுது பிழைப்பவனை உழாதவன் ஆக்கிவிடும். அவன் குடும்பம் வீடிழக்கவும் நேரும். கடன் கொடுத்தவருக்கும் நியாயம் கிடைக்க வேண்டுமாதலால், உழாதவரை உழுபவரென எழுதுதலும் தவறே. பயிரை நேரில் கண்டு எழுதுவதே இருதிறத்தார்க்கும் நீதி.