கோரைப் பையும் நான்கட்டாயும்

தில்லியின் தெற்கு எல்லையைக் கடந்து அரியானாவின் ஃபரீதாபாத் மாவட்டத்துக்குள் நுழைந்தவுடன் சூரஜ்குண்டு என்னும் இடம் வருகிறது. சூரஜ் என்றால் ஞாயிறு. குண்டு என்றால் குளம். பத்தாம் நூற்றாண்டில் தோமர் மரபைச் சேர்ந்த சூரஜ்பால் என்னும் மன்னன் வெட்டியதாகக் கூறப்படும் குளம் ஒன்று, கற்படிகள் சூழ, இன்றும் அங்கே இருக்கிறது. ஆயினும் இந்நாளில் அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் குளத்தை நினைப்பவர் சிலரே. 1987ஆம் ஆண்டு முதல் பிப்ரவரித் திங்களில் அங்கு நடைபெற்றுவரும் கைவினைத் திருவிழாவே மக்கள் மனத்தில் முதலில் தோன்றுகிறது. ஆண்டுதோறும் ஒரு மாநிலமோ சில மாநிலங்களோ சிறப்பு மாநிலமாகத் தேர்ந்தெடுக்கப்படும். சிறப்பு மாநிலத்தின் கட்டடக் கலையைப் பின்பற்றி நுழைவாயில்களும் பந்தல்களும் அமைக்கப்படும். இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் கைவினைஞர்கள் வந்து, கூரை வேய்ந்த சிறு குடில்களில் தங்கள் பொருள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு அமர்ந்திருப்பர்.

ஃபரீதாபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்விழாவுக்குச் சென்றது. தந்தைக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி, அவளுடைய தம்பி, தாய், குளிர்காலத்தைப் பேரக்குழந்தைகளோடு கழிக்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்த ஆச்சி ஆகிய நால்வரே சென்றனர். பிப்ரவரி வெயில் ஆச்சிக்கு இதமாக இருந்தது. ஆயினும் அவர் கம்பளிச் சால்வையைக் கழற்றவில்லை.

முதலில் அவர்கள் நின்றது ஜெய்ப்பூர் நீலப் பாண்டக் கடையில். குயவர் வனைந்த மண்பாண்டங்கள் என்றே தம்பி எண்ணினான். கடைக்காரர் சிரித்தார். அப்பாண்டங்களில் களிமண்ணே இல்லை. படிகக்கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கின்றனர். நீல நிறத்தைத் தருவது கோபால்ட் ஆக்சைடு. தீட்டும்போது மங்கலாக இருக்கும் நிறம் சூளையில் வெந்த பிறகே பளிச்சென்று நீலமாகிறது. ஆகவே தீட்டுபவர், கண்முன் இல்லாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டே தீட்டவேண்டும்.

அடுத்த குடிலில் கர்நாடகத்துச் சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் இருந்தன. அங்கிருந்த முதியவர் சிறிய கடைசல் பொறி ஒன்றைச் சுழலவிட்டு வேலை செய்து காட்டினார். சுழலும் மரத்துண்டின்மீது நிறமூட்டிய அரக்குக் குச்சியை அவர் அழுத்தினார். உராய்வினால் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிந்தது. பின்னர் உலர்ந்த தாழை ஓலையை அதன்மேல் வைத்துப் பிடித்தவுடன் மரம் கண்ணாடிபோல் மின்னியது. தம்பிக்கு அங்கிருந்து நகர மனமே இல்லை. பம்பரம் ஒன்றை வாங்கிய பிறகே அவன் கால்கள் நடந்தன.

பீதர் நகரத்துப் பித்ரிக் கலங்களையும் அவர்கள் பார்த்தனர். துத்தநாகத்தோடு சிறிதளவு செம்பைக் கலந்து வார்த்த கலத்தில் உளியால் கோடு கீறி, அக்கோட்டில் வெள்ளிக் கம்பியைப் பதிப்பார்கள். பீதர்க் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடு கலந்து கலத்தின்மேல் தேய்த்தால் துத்தநாகக் கலவை கருத்துவிடும். வெள்ளி மட்டும் வெண்மையாகவே நிற்கும். வேதியியல் பாடத்தில் இதைப் படித்திருந்தால் எவ்வளவு நன்றாக நினைவில் நின்றிருக்கும் என்று சிறுமிக்குத் தோன்றியது.

மூலைக் குடில் ஒன்றின் முன் ஆச்சி திடீரென்று நின்றுவிட்டார். சுவரில் சிவப்பும் பச்சையும் கரையிட்ட பாய்கள் தொங்கின. பெயர்ப்பலகை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தது. ஆச்சிக்கு அவ்விரண்டும் தெரியா. ஆயினும் பாயைத் தடவிப் பார்த்த கை ஏமாறவில்லை.

"பத்தமடைதானே, தாயி?" என்றார் ஆச்சி.

குடிலில் இருந்த பெண்மணி எழுந்து நின்றுவிட்டார். "ஆமாம் ஆச்சி! உங்களுக்கு எந்த ஊர்?"

அம்பாசமுத்திரம் சாலையில் பத்தமடையைத் தாண்டி வரும் ஊர்களில் ஒன்று கல்லிடைக்குறிச்சி. இருவரும் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போயினர். சிறுமி அதற்குள் ஒரு சிறிய கோரைப் பையைக் கையில் எடுத்திருந்தாள். விலை நானூற்று ஐம்பது உரூபாய் என்றார் பெண்மணி. தில்லிச் சந்தைகளில் சிறுமி கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: சொன்ன விலையில் பாதிக்கும் கீழே கேட்கவேண்டும். "இருநூறு" என்றாள் அவள்.

பெண்மணி சினம் கொள்ளவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வேறொரு பையை எடுத்து அதன் அருகில் வைத்தார். "இருநூறு உரூபாய்க்கு இது இருக்கிறது, கண்ணு. இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்" என்றார்.

சிறுமி பார்த்தாள். இரண்டாவது பையில் கோரை தடிமனாக, இடைவெளி விட்டு நின்றது. ஒளி அதனுள் புகுந்து வெளிவந்தது. முதற்பையில் கோரை நூலைவிடச் சற்றே பருமனாக இருந்தது, துணிபோல் மடிந்தது. அதற்குரிய காரணத்தைப் பெண்மணி விளக்கினார். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறவைப்பர். ஊறிய கோரையை மீண்டும் உலர்த்தி, கத்தியால் மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். பின்னரே சாயம் ஏற்றுவர். தரைத்தறியில் பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, ஒவ்வோர் இழையாகக் கையால் ஊடே செலுத்துவர். தடித்த கோரையில் ஒரு பாய் ஓரிரு நாளில் முடிந்துவிடும். பட்டுப்பாய் என்று சொல்லப்படும் மெல்லிய பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். திருமணத்துக்கு என்று சொல்லிச் செய்வித்தால் மணமக்களின் பெயர்களையும் பாயிலேயே நெய்து தருவார்கள். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வேறோர் ஊரில் நெய்த பாயை அப்பெயரால் விற்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் நெகிழிப் பாயின் மலிவை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது. தம் தெருவில் முன்பு இருந்த அளவு தறிகள் இப்போது இல்லை என்று சொல்லும்போது மட்டும் அப்பெண்மணியின் குரல் சற்றுத் தாழ்ந்தது.

அன்று அவர்கள் பையை வாங்கவில்லை. நானூற்று ஐம்பது மிகுதி என்றே சிறுமி வழி முழுவதும் வாதிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பள்ளியில் சிறுவர் சந்தை. மாணவர் தாம் செய்த பொருளை விற்கவேண்டும் என்பது விதி. சிறுமி நான்கட்டாய் செய்வது என்று முடிவு செய்தாள். வட இந்தியத் தெருக்களில் குளிர்காலத்தில் தள்ளுவண்டியில் சுடச்சுட விற்கப்படும் நெய் பிஸ்கோத்து அது. தட்டின் கீழும் கரி நெருப்பு, மூடியின் மேலும் கரி நெருப்பு. நடுவில் நான்கட்டாய் வேகும். அப்பெயரில் உள்ள 'நான்' பாரசீக மொழியில் ரொட்டியைக் குறிக்கும். பிறப்பிடம் குசராத்தின் சூரத் நகரம் என்பர்.

மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் வேறு வழி ஒன்றைச் சொன்னார். மாவும் நெய்யும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு தெருமுனை அடுமனைக்குச் சென்றால், அவர்களே பிசைந்து, சுட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூலி மட்டும் கொடுத்தால் போதும். அப்பகுதிகளில் பல குடும்பங்களின் வழக்கம் அது. ஆச்சிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "நம் ஊரில் மில்லுக்கு அரிசி கொண்டுபோய்த் திரித்து வருவதுபோல" என்றார். ஆனால் சந்தையின் விதிப்படி சிறுமியே செய்யவேண்டும். வீட்டிலோ மின்னடுப்பு இல்லை.

தாய் குக்கரை எடுத்தார். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் குண்டையும் நீக்கினார். இவ்விரண்டும் இருந்தால் நீரில்லாத குக்கர் ஆபத்தாகிவிடும். ஆகவே இவ்வேலையைப் பெரியவர் உடனிருக்கவே செய்தல் வேண்டும். அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, பத்து நிமிடம் வெறுமனே சூடேற்றினார்.

சிறுமி மாவைப் பிசைந்தாள். ஒரு கோப்பை மைதா, கால் கோப்பை கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி ரவை, அரைக் கோப்பை பொடித்த சர்க்கரை, அரைக் கோப்பை நெய், ஒரு சிட்டிகைச் சமையல் சோடா, சிறிது ஏலப்பொடி. இதுவே அளவு. நெய் உறைந்திருக்கவேண்டும், உருகிய நெய்யாயின் உருண்டைகள் வேகும்போது பரந்து தட்டையாகிவிடும். முதலில் நெய்யையும் சர்க்கரையையும் வெண்ணிறமாகும் வரை குழைத்து, அதன்பின் மாவைச் சேர்க்கவேண்டும். மாவைச் சேர்த்த பிறகு மிகுதியாகப் பிசைதல் கூடாது. மைதாவில் உள்ள புரதம் நீர் பட்டுப் பிசையப்பட்டால் இழை இழையாகக் கோத்துக்கொள்ளும். பரோட்டாவுக்கு வேண்டியது அந்த இழைதான். நான்கட்டாய் வாயில் இட்டவுடன் உதிர வேண்டுமாயின் அந்த இழை உருவாகக் கூடாது. நெய் மாவைச் சூழ்ந்துகொண்டு அதைத் தடுக்கிறது.

தட்டில் ஒரு தடவைக்கு எட்டு உருண்டைகளே கொண்டன. முதல் எட்டும் அடியில் கருகிவிட்டன. தீயைக் குறைத்தனர். வெந்து வெளிவந்த இரண்டாம் ஈடு தொட்டால் நசுங்கும்படி மென்மையாக இருந்தது. வேகவில்லை என்று எண்ணிச் சிறுமி மீண்டும் உள்ளே வைக்கப்போனாள். தாய் தடுத்தார். ஆறிய பிறகே நான்கட்டாய் இறுகும். ஐந்து ஈடுகள் முடிவதற்குள் மூன்று மணி நேரம் கழிந்தது. கருகிய எட்டையும் தம்பி குறை சொல்லாமல் தின்று தீர்த்தான்.

சந்தையில் ஒன்று பத்து உரூபாய் என்று எழுதிவைத்தாள். பெற்றோர் பலர் வாங்கினர். ஒருவர் மட்டும் நின்று, "கடையில் பத்து உரூபாய்க்கு ஒரு பொட்டலமே கிடைக்கிறதே. இரண்டு உரூபாய்க்குத் தருவாயா?" என்று கேட்டார். சிறுமியின் முகம் சிவந்தது. கருகிய ஈடும், சுட்ட விரலும், பிசைந்து வலித்த மணிக்கட்டும் அவள் நினைவுக்கு வந்தன. அவரிடம் சொல்வதற்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார்.

முப்பத்திரண்டும் விற்று முந்நூற்று இருபது உரூபாய் சேர்ந்தது. பொருள்களுக்கு ஆன செலவு இருநூற்று இருபது. தாயிடம் அதைத் திருப்பிக் கொடுத்த பின் அவள் கையில் நூறு உரூபாய் இருந்தது. அன்று இரவு அவள் கணக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நூறை மூன்றால் வகுத்துப் பார்த்தாள்.

மறுநாள் விழாவின் கடைசி நாள். மீண்டும் சூரஜ்குண்டு போகவேண்டும் என்று அவளே கேட்டாள். ஒரு சிறிய டப்பாவில், வீட்டுக்கென்று காலையில் சுட்ட நான்கட்டாய் ஆறு இருந்தது. மூலைக் குடிலில் பாதிப் பாய்கள் விற்றுப்போயிருந்தன. அந்தப் பையும் விற்றுப்போயிருந்தது.

பெண்மணி நான்கட்டாய் ஒன்றைக் கடித்துவிட்டு, "எந்தக் கடையில் வாங்கியது?" என்றார்.

"அவளே செய்தது" என்றார் ஆச்சி.

"அதுதான் கை மணக்கிறது" என்று சொல்லி, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். அதே போன்ற பையை ஊருக்குப் போய் நெய்து அஞ்சலில் அனுப்ப முடியும் என்றார். பெயரும் நெய்யவேண்டுமானால் இன்னும் இரண்டு நாள் ஆகும், விலையும் ஐந்நூறாகும் என்றார். சிறுமி தன் நூறு உரூபாயை முன்பணமாக வைத்தாள். மீதியைத் தாய் கொடுத்தார்.

"சரி, உன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடு. அதைப் பார்த்தே நெய்வேன்" என்று ஓர் அட்டையையும் பேனாவையும் பெண்மணி நீட்டினார்.

சிறுமி தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதுவது பயிற்சி நூலில் மட்டுமே. அவள் பெயரின் நடுவில் ஒரு ழகரம் உண்டு. மெல்ல எழுதி முடித்து அட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஆச்சி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, நடு எழுத்தின்மேல் விரலை வைத்தார். அங்கே ளகரம் இருந்தது.

"தாளில் அடித்து எழுதலாம், கண்ணு. கோரையில் முடியாது" என்றார் பெண்மணி.

சிறுமி அட்டையைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.

சொற்பொருள்

கோரை – நீர்நிலை ஓரங்களில் வளரும் புல் வகை. பாவு – தறியில் நீளவாட்டில் கட்டும் நூல். ஈடு – ஒரு தடவையில் வேகும் அளவு. நவச்சாரம் – ஒரு வகை உப்பு. அடுமனை – ரொட்டி, பிஸ்கோத்து முதலியன சுடும் இடம்.

பயிற்சி

1. ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் மற்றப் பாண்டங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

2. நான்கட்டாய் மாவை ஏன் மிகுதியாகப் பிசைதல் கூடாது? பரோட்டா மாவோடு ஒப்பிட்டு எழுதுக.

3. சிறுமி நூறை மூன்றால் வகுத்தது ஏன்? அவ்விடையைக் கொண்டு அவள் என்ன எண்ணியிருப்பாள்?

4. பை ஒன்றுக்கு நெசவாளி எத்தனை நாள் உழைக்கக்கூடும் என வைத்துக்கொண்டு, நானூற்று ஐம்பது உரூபாய் தக்க விலையா என வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.

5. பொருள் வேறுபாடு தோன்றத் தொடர் அமைக்க: விழை – விளை, வாழை – வாளை, தழை – தளை.

6. வீட்டில் கையால் செய்யப்படும் பண்டம் ஒன்றின் செய்முறையைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வருக.