நம்பிக்கைகளும் உண்மைகளும்: சுவரைச் சுரண்டும் கிளி

கோலார் தங்கவயல் ஸ்கெலட்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பக்கத்து லைனில் வீட்டைக் காலி செய்தவர்கள் கூண்டோடு விட்டுவிட்டுப் போன பச்சைக்கிளி ஒன்று இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. சூரியகாந்தி விதை, டீயில் நனைத்த பிஸ்கட், இவை இரண்டைத் தவிர எதையும் தொடுவதில்லை. வெள்ளையடித்த சுவரைச் சுரண்டித் தின்கிறது. யார் கையில் காகிதத்தைப் பார்த்தாலும் இழுத்துக் கீழே போட்டுவிட்டு, கூலி எங்கே என்கிற பாவனையில் தலையைச் சாய்க்கிறது. சாயங்காலமானால் அவருடைய கட்டைவிரலில் வாந்தி எடுக்கிறது. நெஞ்சில் பாதி இறகைக் காணோம். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்களாம். எதைக் கேட்பது?

வைத்தியத்துக்கு முன், இதில் எது நோய், எது குணம் என்று பிரித்துவிடலாம். விரலில் வாந்தி எடுப்பது நோயல்ல. கிளி தன் ஜோடிக்குத் தீனிப்பையிலிருந்து உணவை எடுத்து ஊட்டும். ஜோடி கிடைக்காத கிளிக்கு அந்த அம்மாவின் கட்டைவிரல் ஜோடி. தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டுக் கக்கினால் காதல். தலையைப் பக்கவாட்டில் உதறி, முகமெல்லாம் தெறித்து ஒட்டினால் அது உண்மையான வாந்தி, டாக்டரிடம் போக வேண்டும். காகிதம் இழுப்பதற்கும் மருந்து வேண்டாம். ஜோசியக்காரரிடம் பழகிய கிளி சீட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நெல் வாங்கியே பழகியிருக்கும். இந்தக் கிளியின் பூர்வீகமும் அதுவாக இருக்கலாம். இந்தப் பழக்கம் நமக்குப் பின்னால் உதவப்போகிறது.

மிச்சமிருப்பவை சுவர், இறகு, விதைப் பிடிவாதம். இவற்றில் பெரும்பங்கு தட்டில் இருக்கிறது.

“சூரியகாந்தி விதைதான் கிளிக்குத் தீனி. கடைக்காரரே அதைத்தானே தருகிறார்!”

கடைக்காரர் தருவது கெட்டுப்போகாத, எடைபோட்டு விற்க எளிதான சரக்கு. சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ பாதி எண்ணெய். காட்டுக் கிளி ஒரு நாளைக்குப் பல கிலோமீட்டர் பறந்து அதை எரித்துவிடும். கூண்டுக் கிளிக்கு அது ஈரலில் கொழுப்பாகப் படியும், ரத்தக் குழாயை அடைக்கும். வைட்டமின் ஏ அதில் இல்லையென்றே சொல்லலாம், சுண்ணாம்புச் சத்தும் சொற்பம். வைட்டமின் ஏ குறைந்தால் வாயின் மேலண்ணத்தில் வெள்ளைத் திட்டு வரும், மூக்கு அடைக்கும், தும்மல் நிற்காது, கண்ணோரம் வீங்கும். ‘குளிர் பிடிச்சிருக்கு’ என்று கூண்டுக்குத் துணி போர்த்துகிற வீடுகளில் பாதி, துணிக்குப் பதில் ஒரு கேரட் துண்டு போட்டிருக்கலாம்.

“சுண்ணாம்பு தின்கிறதா? திமிர்.”

அல்லது கால்சியம் பசி. கழுத்தில் வளையம் இல்லாத கிளி என்பதால் பெண் என்று நினைக்கிறார்கள். ஆணுக்கும் வளையம் முளைக்க மூன்று வயதுவாக்கில் ஆகும், ஆகவே உறுதியில்லை. பெண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜோடி இல்லாமலே முட்டையிடும், கால்சியம் போதாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். சுவரை மட்டும் நம்பி விடக்கூடாது, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேளுங்கள், கணவாய் மீனின் ஓடு, வெள்ளையாகப் பலகைபோல் இருக்கும். கம்பியில் கட்டிவிட்டால் தானே கொறித்துக்கொள்ளும். அதைவிட அருகில் இருப்பது கேழ்வரகு. கோலார் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு கிளிக்கு ரேஷன் அரிசிச் சோறு போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. உப்புப் போட்ட களி வேண்டாம். ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதை நன்றாக அலசிக் கொடுங்கள். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. காலை வெயிலில் கூண்டை வெளியே வைத்து, ஒரு பாதிக்கு நிழலும் பூனையிடமிருந்து காவலும் ஏற்பாடு செய்யுங்கள்.

“மிளகாய் கொடுத்தால் பேச்சு வரும். வசம்பு உரைத்து நாக்கில் தேய்த்தால் தெளிவாகப் பேசும்.”

மிளகாய் கொடுக்கலாம், ஆனால் பேச்சுக்காக அல்ல. நம் நாக்கில் காரத்தைப் பிடிக்கும் உணர்வான் பறவைக்கும் உண்டு, ஆனால் அது காரத்தைக் கண்டுகொள்வதில்லை. அந்த உணர்வானைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் மிளகாய்ச் செடிக்குப் பாதுகாப்பு. விதையைக் கடித்து நொறுக்கும் எலியை விரட்டி, முழுதாக விழுங்கிப் பரப்பும் பறவையை விட்டுவைக்கிறது. பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ ஆகும் சத்து நிறைய உண்டு, நம் கிளிக்கு அதுதானே குறை. வசம்பு வேறு விஷயம். அதில் உள்ள பீட்டா அசரோன் நஞ்சு, அமெரிக்காவில் 1968இலேயே உணவில் தடை செய்துவிட்டார்கள். நூற்றிச் சொச்சம் கிராம் எடையுள்ள உடம்பில் அதை உரைப்பது பேராபத்து. பேச்சு பிறப்பது மூச்சுக்குழலின் அடியில் உள்ள குரலுறுப்பில். நாக்கு அந்த ஒலியை வளைத்துத் தருகிறது. நாக்கைத் தேய்த்துப் புண்ணாக்கினால் பேச்சும் கெடும், தீனி உடைக்கும் திறனும் கெடும்.

டீயும் பாலும் சீக்கிரம் முடியக்கூடிய விஷயம். பறவைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இல்லை, பாலில் நனைத்த பன் கழிச்சலில் முடியும். டீயில் உள்ள காஃபீன் இதயத்துடிப்பை எகிறவைக்கும். ‘எங்க கிளி பத்து வருஷமா டீ குடிக்குது’ என்பவர்களிடம் வாதாட வேண்டாம், நம் வீட்டில் நிறுத்திக்கொண்டால் போதும். கூடவே பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம், உப்பு மிக்ஸர், ஊறவைத்தாலும் வேகாத ராஜ்மா, இவற்றுக்கும் தடை. ஆப்பிள் கொடுத்தால் கொட்டையை எடுத்துவிடுங்கள், அதில் சயனைடு உண்டாக்கும் சேர்மம் இருக்கிறது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்த தங்கவயல்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இனி, எல்லாவற்றிலும் மோசமான அறிவுரை. “ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா வழிக்கு வரும்.”

நாய்க்கு வேண்டுமானால் வரும். கிளி, பழக்கமில்லாத பொருளை உணவாகவே பார்ப்பதில்லை. முன்னால் கிண்ணம் நிறைய முருங்கைக்கீரை இருக்க, பசியில் சாகும். அதுவும் சொல்லிக்கொள்ளாமல் சாகும். நலிந்ததாகக் காட்டிக்கொண்டால் இரையாகிவிடும் என்பதால் கடைசி மணிநேரம்வரை இறகை ஒழுங்காக வைத்து உட்கார்ந்திருக்கும். ஆகவே தீனி மாற்றுவதற்கு முன் வாங்க வேண்டியது கீரையல்ல, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் டிஜிட்டல் தராசு. காலையில் முதல் எச்சம் போட்டதும், தீனிக்கு முன், தராசில் ஏற்றி நோட்டில் எழுதுங்கள். பச்சைக்கிளி சுமார் 120 கிராம் இருக்கும். அதில் 12 கிராம் குறைந்தால் பரிசோதனையை நிறுத்திப் பழைய தீனிக்கே போய்விட வேண்டும், டாக்டரையும் பார்க்க வேண்டும். எச்சத்தையும் பாருங்கள். பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, கொஞ்சம் தண்ணீர் என மூன்றும் இருக்க வேண்டும். பச்சைப் பகுதி சுருங்கிக் கறுத்தால் உள்ளே எதுவும் போகவில்லை என்று பொருள், தட்டில் எவ்வளவு சிதறிக் கிடந்தாலும் சரி. கிளி கொறிப்பதெல்லாம் விழுங்குவதில்லை.

மாற்றும் முறைக்கு இப்போது அந்தக் காகிதப் பழக்கம். அச்சடிக்காத காகிதத்தைச் சின்னச் சீட்டாக மடித்து, முதலில் உள்ளே ஒரே ஒரு சூரியகாந்தி விதை வையுங்கள். கிளி இழுக்கும், பிரிக்கும், தின்னும். இரண்டு மூன்று நாள் கழித்து விதையோடு பொடியாக நறுக்கிய மஞ்சள் பூசணி. பிறகு ஒரு சீட்டில் விதை, ஒன்றில் கேழ்வரகு முளை, ஒன்றில் குடைமிளகாய். பூசணியை முதலில் எடுத்து எறியும், எறியட்டும். அலகில் பட்டதே லாபம். பசி அதிகமுள்ள காலையில் புதுத் தீனி, ஓரிரு மணி நேரம் கழித்து பழைய தீனி. விதையை நாளாக நாளாகக் குறைத்து, கடைசியில் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கிளிக்கு முன்னால் உட்கார்ந்து கேரட்டை ரசித்துத் தின்றால் பாதி வேலை முடிந்தது, ஜோடி தின்பதைத் தானும் தின்னும். முருங்கை, கொத்தமல்லி, பொன்னாங்கண்ணியை ஈரத்தோடு கொத்தாகக் கூரையில் தொங்கவிட்டால் குளிக்க வந்த கிளி கடிக்கவும் செய்யும். பாலக்கைக் குறைவாக வையுங்கள், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோவைப்பழம், கொய்யா நல்லதுதான், ஆனால் பழம் மட்டுமே போட்டால் புரதம் போதாது. பச்சைப்பயறு முளை, எப்போதாவது அவித்த முட்டையில் ஒரு துணுக்கு போதும். கிளி சுத்த சைவம் என்பது நாம் வைத்த பெயர். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகலாம்.

“தண்ணீரில் வைட்டமின் சொட்டு விட்டால் போதுமே?” தண்ணீரில் சத்து சீக்கிரம் கெடும், கிருமி வளரும், ருசி மாறினால் கிளி தண்ணீரையே குறைத்துக்கொள்ளும். வைட்டமின் ஏயும் டியும் மிஞ்சினால் நஞ்சு வேறு.

“சென்னை ராயப்பேட்டையில் ஆயிரக்கணக்கான கிளிகள் அரிசி தின்றுதானே வாழ்ந்தன?” அங்கே கேமரா பழுதுபார்த்துவந்த சேகர் மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசி வைத்துப் பேர் வாங்கியவர். அவரிடம் வந்தவை காட்டுப் பறவைகள். அரிசி அவற்றுக்கு வெறும் சிற்றுண்டி. மிச்ச நேரத்தில் மொட்டு, பழம், விதை, பட்டை என்று ஊரெல்லாம் மேய்ந்தன. கூண்டுக் கிளிக்கு அந்த மிச்ச நேரம் இல்லை.

நெஞ்சு இறகுக்கும் அந்த மிச்ச நேரத்துக்கும் சம்பந்தம் உண்டு. இறகு பிடுங்குவதற்குச் சத்துக்குறைவு, தோல்நோய், ஈரல் கோளாறு எனப் பல காரணங்கள், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் 2001இல் சுரங்கம் மூடியபின் தங்கவயலில் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடித்து இருட்டியபின் திரும்புகிற வீடுகள் ஏராளம். ஒரு கிண்ணம் விதை, பதினான்கு மணி நேரத் தனிமை. காட்டில் நாளில் பெரும்பொழுது தீனி தேடுவதிலேயே போகும் பறவைக்கு, தீனி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் அலகுக்கு அடுத்த வேலை சொந்த இறகு. சீட்டுகளைப் பத்துப் பதினைந்தாகக் கூண்டு முழுக்கச் செருகிவிட்டுப் போங்கள்.

கடைசியாக வாசகி கேட்காதது: “நான் காப்பாற்றினேன், எனவே வளர்க்கலாம்.” சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடிக்கவோ விற்கவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய கிளிகளை வனத்துறை எடுத்துக்கொண்டு, இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பயந்துபோய்க் கூண்டைத் திறந்து பறக்கவிடுவது புண்ணியமும் அல்ல. இறக்கை வெட்டிய, தீனி தேடத் தெரியாத கிளி காக்கைக்கும் பருந்துக்கும்தான் போகும். வெட்டிய இறகு அடுத்த உதிர்ப்பில் வளரும், பறக்கும் பயிற்சி தர ஆட்கள் இருக்கிறார்கள். கர்நாடக வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள். பெங்களூரு கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வன உயிர் மருத்துவமனையும் இருக்கிறது.

கிளியை ஒப்படைக்கும்போது எடை எழுதிய நோட்டையும், அது இப்போது தின்னும் தீனியில் ஒரு வாரத்துக்கான பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சீட்டு மடிக்கும் விதத்தையும் ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள்.